கடைத் தட்டில் இத்தாலி: யாழ்ப்பாணத்துக் குசினிக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

யாழ்ப்பாண நகரத்துச் சுப்பர் மார்க்கெட்டுகளில் இத்தாலிச் சாமானுக்கென்று தனித் தட்டு வந்துவிட்டது. ஸ்பகெற்றி, பென்னே, ரின் தக்காளி, ஒலிவ் எண்ணெய், போத்தலில் அடைத்த சோஸ் வகைகள், தூள் சீஸ், கொஞ்சம் பெரிய கடையென்றால் குளிர்பெட்டியில் கட்டிச் சீஸ். இந்த மதிப்புரை அந்தத் தட்டைப் பற்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நல்ல பாஸ்தாவுக்கும் முழுத்தக்காளி ரின்னுக்கும் காசைப் போடுங்கள். ஒலிவ் எண்ணெயைச் சின்னப் போத்தலாக வாங்குங்கள். சோஸ் போத்தல்களைத் தட்டிலேயே விட்டுவிட்டு, மிச்சக் காசோடு சந்தைக்குப் போங்கள்.

இதற்குக் காரணம் இத்தாலியின் வரைபடத்திலேயே இருக்கிறது. இத்தாலியின் வடபாதியில் இருக்கிற போ ஆற்றுச் சமவெளியும் அதற்கு வடக்கும் வெண்ணெய், முட்டை போட்டுப் பிசைந்த பாஸ்தா, மாதக்கணக்கில் முதிர்ந்த சீஸ், ஆர்போரியோ அரிசி என்று சமைக்கிற பக்கம். தெற்கே நேப்பிள்ஸ், பூலியா, கலாப்ரியா, சிசிலி எல்லாம் வேறு. ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த உலர் பாஸ்தா, தக்காளி, உள்ளி, மிளகாய், கத்தரிக்காய், மட்டி, கணவாய், சின்ன மீன், பழைய பாண் தூள். இந்த இரண்டாவது பட்டியலில் முக்கால்வாசி திருநெல்வேலிச் சந்தையிலும் பாசையூர், குருநகர் மீன் சந்தைகளிலும் காலையில் பச்சையாகக் கிடைக்கிறது. முதல் பட்டியலோ கப்பலில் வந்து, கொழும்பிலிருந்து லொறியில் வந்து, குளிர்பெட்டியில் நாட்கணக்காகக் கிடந்து எங்கள் கைக்கு வருகிறது. விலையும் அதற்கேற்றபடி. யாழ்ப்பாணத்தில் இத்தாலியத் தெற்கைச் சமைப்பதுதான் புத்தி.

பாஸ்தா

பைக்கற்றின் முன்பக்கத்தில் இருக்கிற கொடியையும் கோதுமைக் கதிர்ப் படத்தையும் பார்க்க வேண்டாம். பின்பக்கம் திருப்பி இரண்டு இடத்தைப் பாருங்கள்.

முதலாவது, சேர்பொருள். "டுரம் கோதுமை ரவை" என்று இருக்க வேண்டும். டுரம் என்பது கடினமான ஒரு கோதுமை இனம். இத்தாலியில் செய்து அங்கேயே விற்கிற உலர் பாஸ்தாவை டுரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. வெறும் "கோதுமை மா" என்று போட்ட பைக்கற்றுகளும் அதே தட்டில், அதே வடிவத்தில், பாதி விலைக்கு நிற்கும். சாதாரணக் கோதுமை மாவில் செய்தது கொதிதண்ணீரில் மாவைக் கக்கும், தண்ணீர் கஞ்சிபோலக் கலங்கும், வெளியே குழைந்து உள்ளே மாவாக இருக்கும். அதை வாங்கவே கூடாது என்றில்லை. வெங்காயம், பச்சைமிளகாய், முட்டை போட்டுத் தாளிக்கிற எங்களூர் மக்ரோனிப் பிரட்டலுக்கு அது போதும், நல்லாயும் இருக்கும். தக்காளியும் எண்ணெயும் மட்டும் போட்டுச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் டுரம்தான்.

இரண்டாவது, புரதம். 100 கிராமுக்கு எத்தனை கிராம் என்று ஊட்டச்சத்து அட்டவணையில் இருக்கும். இத்தாலியச் சட்டப்படி குறைந்தது 10.5 சதவீதம். 12க்குக் கீழே என்றால் நேரம் கொஞ்சம் தவறினாலும் குழையும். 13, 14 என்று இருந்தால் ஒன்றிரண்டு நிமிடம் கூடினாலும் தாங்கும். முதன்முறை சமைக்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்தே வாங்கலாம்.

பிறகு பைக்கற்றின் கண்ணாடிப் பகுதியால் உள்ளே பாருங்கள். மினுமினுப்பாக, மஞ்சள் தூக்கலாக, கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தால் அது டெஃப்லோன் பூசிய அச்சில் பிழிந்து வந்தது. கூடிய சூட்டில் வேகமாகக் காய்ந்ததாகவும் இருக்கலாம். வெளிறி, மேலே மாப்பூத்ததுபோலச் சொரசொரப்பாக இருந்தால் வெண்கல அச்சில் வந்தது. அதைப் பெரும்பாலும் பைக்கற்றிலேயே பெருமையாக எழுதியிருப்பார்கள். சொரசொரப்பில்தான் சோஸ் பிடிக்கும். எண்ணெய்ச் சோஸுக்கும் கடலுணவுச் சோஸுக்கும் இந்த வித்தியாசம் நாக்கில் தெரியும். தக்காளி தடிப்பாக இருந்தால் அவ்வளவு தெரியாது. நேப்பிள்ஸுக்குப் பக்கத்துக் கிரஞ்ஞானோ ஊர்ப் பெயரோடு ஐரோப்பிய முத்திரை (அந்த ஊரில் செய்தது என்கிற அத்தாட்சி) போட்ட பாஸ்தா எப்போதாவது தட்டில் வந்தால், விலையைப் பார்த்துத் திரும்பாமல் ஒரு பைக்கற் வாங்கிப் பாருங்கள். அந்த ஊரில் பாஸ்தா செய்வது பல நூற்றாண்டுத் தொழில்.

பாஸ்தாவின் மேல் மயிர்போல வெடிப்போ வெள்ளைப் புள்ளிகளோ நிறையத் தெரிந்தால் வேண்டாம், கொதியில் துண்டு துண்டாகும். பைக்கற்றின் அடியில் தூள் சேர்ந்திருந்தால் ஒன்று அடிபட்டிருக்கிறது, அல்லது வண்டு பிடித்திருக்கிறது. எங்கள் வெக்கைக்கும் மாரிக்கால ஈரத்துக்கும் திறந்த பைக்கற் வண்டுக்கு விருந்து. வாங்கி வந்தவுடன் நாலு நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, வெளியிலே ஈரம் காய்ந்தபின் இறுக்கமான டப்பாவில் போட்டால் வண்டு முட்டையோடு போய்விடும்.

அவிக்கிற கணக்கு இத்தாலியில் 1 – 10 – 100: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. யாழ்ப்பாணத்தில் உப்புக் கணக்கை மட்டும் மாற்ற வேண்டும். சுண்ணக்கல்லுக்குள்ளால் வருகிற கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். தீவுப் பக்கத்திலும் கரையோரத்திலும் இன்னும் கூட. தண்ணீரை முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். நல்ல தண்ணீர் என்றால் லீற்றருக்கு 10 கிராம், அதாவது மட்டமாக எடுத்த தேக்கரண்டி ஒன்றரைக்குச் சற்றுக் கூட. உவர்ச்சுவை தட்டினால் 6 கிராமோடு நிற்பாட்டுங்கள். கடலுணவுச் சோஸ் என்றால் அதற்கும் கீழே, ஏனென்றால் மட்டியும் கணவாயும் தங்கள் உப்பைக் கொண்டுவரும்.

தண்ணீருக்குள் எண்ணெய் விடாதீர்கள். அது மேலே மிதந்து, வடிக்கும்போது பாஸ்தாவில் படிந்து, சோஸ் வழுக்கிப் போகத்தான் உதவும். ஒட்டாமல் இருக்க வேண்டுமென்றால் போட்ட முதல் இரண்டு நிமிடம் கிளறினால் போதும். ஸ்பகெற்றியை முறித்துப் போட வேண்டாம்; சட்டிக்குள் நட்டு விட்டால் அரை நிமிடத்தில் தானாக வளைந்து உள்ளே இறங்கும். வடித்தபின் பச்சைத் தண்ணீரில் அலசுவது இங்கே பரவலான பழக்கம், அதுதான் பெரிய கேடு. மேலே இருக்கிற மாப்பசைதான் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதைக் கழுவி ஊற்றிவிட்டு, சோஸ் தட்டின் அடியில் குளமாக நிற்கிறதே என்று கவலைப்பட்டுப் பயனில்லை.

பைக்கற்றில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் எட்டாம் நிமிடம் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். அப்போது எடுத்து, சோஸ் இருக்கிற தாச்சிக்குள் போட்டு, அவித்த தண்ணீர் ஒரு கோப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நல்ல நெருப்பில் இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். சோஸ் பளபளத்துப் பாஸ்தாவைப் போர்த்தும். வடிக்கு முன்னர் அந்தக் கோப்பைத் தண்ணீரை எடுத்து வைக்க மறப்பவர்கள் பலர். கோப்பையை வடிதட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் ஞாபகம் வரும்.

தக்காளி

தட்டில் நாலு விதம் இருக்கும்: தோலுரித்த முழுத்தக்காளி, வெட்டிய தக்காளி, போத்தலில் வருகிற அரைத்து வடித்த பசாத்தா, பேஸ்ற். வாங்க வேண்டியது முழுத்தக்காளி. வெட்டிய தக்காளி ரின்னில் பலவேளை கல்சியம் குளோரைட் சேர்த்திருப்பார்கள். துண்டு கரையாமல் நிற்கவே அது; அதனால் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் துண்டு துண்டாகவே கிடந்து, சுற்றிலும் தண்ணீர் ஓடும். சோஸுக்கு அது சரிவராது. முழுத்தக்காளியைக் கையால் நசித்துப் போட்டால் இருபது நிமிடத்தில் கூழாகும்.

400 கிராம் ரின்னில் தக்காளி மட்டும் 240 முதல் 260 கிராம் வரை இருக்கும், மிச்சம் சாறு. சேர்பொருளில் தக்காளி, தக்காளிச் சாறு, சிற்றிக் அசிட், கூடினால் உப்பு, இவ்வளவுதான் இருக்க வேண்டும். சீனி, மாப்பசை, உள்ளித் தூள் என்று நீண்டால் விடுங்கள். "இத்தாலியப் பாணி" என்று எழுதியிருந்தால் அது இத்தாலியில் விளைந்தது என்று பொருளில்லை. சான் மர்சானோ என்று பெயர் போட்ட எல்லாமே வெசூவியஸ் எரிமலையின் பக்கத்துச் சார்னோ–நொச்சேரா நிலத்தில் விளைந்தவையும் அல்ல. ஐரோப்பிய முத்திரையும் வரிசை எண்ணும் ரின்னில் இருந்தால்தான் கூடிய விலை கொடுக்கலாம். இல்லாவிட்டால் சாதாரண முழுத்தக்காளி போதும். ஊதின ரின்னைத் தொடவே வேண்டாம். திறந்தால் மிச்சத்தைக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி, குளிர்பெட்டியில் மூன்று நாளுக்குள் முடியுங்கள்.

எங்கள் தோட்டத் தக்காளி எதற்கு? தை, மாசியில் சந்தையில் குவிந்து விலை விழுகிறபோது அதை வாங்குவது நியாயம்தான். ஆனால் தண்ணீரும் விதையும் கூட, புளிப்பும் தூக்கல். கொதிதண்ணீரில் அரை நிமிடம் போட்டுத் தோலுரித்து, குறுக்கே வெட்டி விதையைப் பிழிந்துவிட்டு, அகன்ற தாச்சியில் மூடாமல் வற்ற விடுங்கள். பாதிக்கும் கீழே வந்தபின்தான் சோஸ். ரின் தக்காளியோடு பாதிக்குப் பாதி கலந்தால் வேலையும் குறையும், சுவையும் சமனாகும். கெச்சப் வகைத் தக்காளிச் சோஸை இந்த இடத்தில் ஊற்றாதீர்கள், அதில் வினாகிரியும் சீனியும்தான் பேசும்.

300 கிராம் பாஸ்தாவுக்கு அடிப்படைச் சோஸ் இது. ஒலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உள்ளி 2 பல்லைத் தட்டிப் போட்டு, மெல்லிய நெருப்பில் ஓரம் பொன்னிறமாகத் தொடங்கும்போது 400 கிராம் ரின்னை நசித்து ஊற்றுங்கள். உப்பு அரைத் தேக்கரண்டி. மூடாமல் 20 நிமிடம். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து செம்மஞ்சளாகத் தெரிந்தால் முடிந்தது. உள்ளி கறுத்தால் முழுச் சோஸும் கசக்கும். கறுத்தால் எண்ணெயோடு ஊற்றிவிட்டுத் திரும்பத் தொடங்குவதே மலிவு. எங்கள் உள்ளி பல் சிறிது, காரம் கூட, ஆகவே இரண்டுக்கு மேல் போகவேண்டாம். கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கக் கை போகும். அது வேறு கறி.

ஒலிவ் எண்ணெய்

"எக்ஸ்ட்ரா வேர்ஜின்" என்றால் அமிலம் 0.8 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, சூடோ இரசாயனமோ படாமல் பிழிந்திருக்க வேண்டும். "பியூர்", "லைற்" என்று வருவது சுத்திகரித்த எண்ணெய், வாசம் இராது. "பொமஸ்" என்பது பிழிந்த சக்கையில் கரைப்பான் கொண்டு எடுத்தது. கறுப்பு அல்லது கரும்பச்சைக் கண்ணாடி, இல்லாவிட்டால் தகரம், அதில் வருவதையே எடுங்கள். வெளிச்சம் படுகிற தட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தலில் நிற்பது என்ன பேர் போட்டிருந்தாலும் பாழ். 250 மில்லிலீற்றர் போதும், திறந்து இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். எங்கள் வெக்கையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அவ்வளவு கூடத் தாங்காது. பழைய கச்சான் மணம் வந்தால் காறிவிட்டது. கத்தரி பொரிக்கிற வேலைக்கு இதை வீணாக்காமல் சாதாரண மரக்கறி எண்ணெய் எடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், தேங்காயெண்ணெய் வேண்டாம், இரண்டும் தங்கள் வாசத்தை விட்டுக்கொடுக்கா.

சீஸ், சைவர்களுக்கு ஒரு சொல்

பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா படானோ, பெக்கொரீனோ ரொமானோ மூன்றும் சைவமல்ல. பாலை உறைய வைக்க விலங்குக் குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற உறைபொருளைச் சேர்க்கிறார்கள். முதலாவதில் அது கன்றினுடையதுதான் என்பது விதி. கிரானா படானோவில் முட்டையிலிருந்து வரும் லைசோசைம் என்கிற புரதமும் சேரும். சுத்த சைவ வீட்டுக்கு வாங்குவதென்றால் தாவர அல்லது நுண்ணுயிர் உறைபொருள் என்று எழுதிய வேறு கட்டிச் சீஸைத் தேட வேண்டும். கடைக்காரர் "பால்தானே" என்பார்.

சாப்பிடுகிறவர்களுக்கு: பார்மிஜானோ குறைந்தது 12 மாதம் முதிர்ந்தது, கிரானா படானோ 9 மாதம். பாஸ்தாவில் துருவுவதற்குப் பின்னது தாராளமாகப் போதும், விலையும் இறங்கும். தோலில் புள்ளி புள்ளியாகப் பெயர் குத்தியிருக்கும், அந்தத் தோலோடு கூடிய துண்டையே எடுங்கள். தோலைத் தக்காளிச் சோஸுக்குள் போட்டுக் கொதிக்க விடலாம். தூள் சீஸ் டப்பா வேண்டாம். தூள் கட்டிபடாமல் இருக்கச் செல்லுலோசும் மாப்பொருளும் சேர்த்திருப்பார்கள், சூட்டில் கரையாமல் மணல்போல நிற்கும்.

சீஸ் வாங்க மனம் வராவிட்டால் தெற்கு இத்தாலியின் ஏழை வீட்டு வழியைப் பிடியுங்கள். இரண்டு நாள் பழசான ரோஸ் பாணின் உள்ளை 100 கிராம் உதிர்த்து, ஒலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, நசித்த உள்ளி ஒரு பல், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, மெல்லிய நெருப்பில் 6–8 நிமிடம் கைவிடாமல் வறுத்தால் பொன்னிற மொறுமொறுப்பு. உள்ளியை எடுத்துவிட்டு ஆறியபின் போத்தலில் அடைத்தால் ஒரு கிழமை நிற்கும். சிசிலி, கலாப்ரியா, பூலியா எங்கும் பாஸ்தாவின் மேல் இதைத் தூவுவார்கள். மீன், மட்டிப் பாஸ்தாவுக்குச் சீஸ் போடுவது அங்கே பெரும்பாலும் வழக்கமில்லை. கடலோரத்தில் இருக்கிற எங்களுக்கு அது வசதி.

சோஸ் போத்தல்கள்

சுருக்கமாக முடிக்கலாம். அல்ஃப்ரேடோ என்று வருவதில் கிரீமும் மாப்பசையும் இருக்கும். ரோமில் அல்ஃப்ரேடோ டி லேலியோ தன் உணவகத்தில் பரிமாறியது வெண்ணெயும் பார்மிஜானோவும் பிரட்டிய பாஸ்தா, அதில் கிரீமே இல்லை. கார்பொனாரா என்பது முட்டை, பன்றித் தாடையிறைச்சி, பெக்கொரீனோ, மிளகு; முட்டையைப் பாஸ்தாவின் சூட்டில் கட்டிபடாமல் பதமாக்குவதே அதன் வித்தை, அந்தப் பதத்தைப் போத்தலில் அடைத்து விற்க வழியில்லை. பொலொஞ்ஞேசே என்பது 1982இல் பொலொஞ்ஞா வர்த்தக சபையில் பதிந்து வைத்த செய்முறைப்படி மாட்டிறைச்சி, கரட், செலரி, வெங்காயம், வைன், பால், கொஞ்சம் தக்காளி என்று மணிக்கணக்கில் வேகிற இறைச்சி. தக்காளியில் இறைச்சி மிதக்கிற போத்தலுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. பச்சிலையை எண்ணெயோடு அரைத்த துவையலான பெஸ்ரோவின் போத்தலில் பலவேளை ஒலிவுக்குப் பதில் சூரியகாந்தி எண்ணெயும், பைன் பருப்புக்குப் பதில் மரமுந்திரியும் இருக்கும். மரமுந்திரிப் பருப்பு வீட்டிலேயே இருக்கிறதே.

பெஸ்ரோவைச் செய்யத் துளசி உதவாது, கராம்பு மணம் அடிக்கும். வேண்டியது திருநீற்றுப்பச்சை. சர்பத்தில் ஊறவைத்துப் போடுகிற கசகசா என்று எங்கள் கடைகளில் விற்பது இதன் விதைதான். வறுக்காத விதையை ஈரமண்ணில் தூவினால் ஒரு கிழமையில் முளைக்கும். பெஸ்ரோவின் ஊரான ஜெனோவாவின் இனத்தைவிட எங்களூர்ச் செடிக்குப் பெருஞ்சீரக மணம் கூட. பூப்பதற்கு முன் இளம் இலையாகக் கிள்ளினால் அது மட்டுப்படும். 50 கிராம் இலை, மரமுந்திரி 20 கிராம், உள்ளி அரைப்பல், துருவிய சீஸ் 40 கிராம், ஒலிவ் எண்ணெய் 80 மில்லிலீற்றர். கிறைண்டர் சாடியை முதலே குளிர்பெட்டியில் வைத்து, விட்டு விட்டு அடியுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் சூட்டில் கறுக்கும். அடுப்பில் வைக்கக் கூடாது.

சந்தைக்குப் போனபின்

நண்டு. 2023இல் போ ஆற்றுக் கழிமுகத்தில் அமெரிக்கக் கரையிலிருந்து வந்த நீல நண்டு பெருகி மட்டிப் பண்ணைகளைத் தின்று தீர்த்தது. அரசு 29 இலட்சம் யூரோ ஒதுக்கியது, சமையல்காரர்கள் அதைப் பாஸ்தாவில் போடத் தொடங்கினார்கள். அந்த நண்டும் எங்கள் நீலக்கால் நண்டும் ஒரே குடும்பம். ஆகவே இந்தச் சமையலில் யாழ்ப்பாணம் மாற்றுப்பொருள் தேட வேண்டியதில்லை.

300 கிராம் ஸ்பகெற்றிக்கு நண்டு 700 கிராம். துப்புரவாக்கி நாலாக வெட்டிக் காலை உடைத்து, ஒலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டியில் உள்ளி 2 பல், செத்தல் மிளகாய் ஒன்று போட்டு ஐந்து நிமிடம் வதக்குங்கள். நண்டை வெளியே எடுத்துத் தசையை உருவி வையுங்கள். ஓட்டைத் திரும்ப அதே தாச்சியில் போட்டு, அரை ரின் தக்காளி, ஒரு கோப்பை தண்ணீர் சேர்த்து 15 நிமிடம் கொதிக்க விட்டு, அகப்பையால் அழுத்தி வடியுங்கள். சாறெல்லாம் ஓட்டில்தான் இருக்கிறது. தசையை மட்டும் போட்டுச் செய்தால் சப்பென்று போகும். வடித்த சாற்றில் பாஸ்தாவைப் பிரட்டி, கடைசி அரை நிமிடத்தில் தசையைச் சேருங்கள். கொத்தமல்லி இலை தூவ வேண்டாம், நண்டை மறைத்துவிடும். செத்தல் ஒன்றுக்கு மேல் போனால் அது நண்டுக்கறி.

கணவாய் மை. வெனிஸிலும் சிசிலியிலும் கறுத்த பாஸ்தா ஒட்டுக் கணவாயின் மையில் வருவது. ஊசிக் கணவாயில் மைப்பை சின்னது. வெட்டித் தருகிறவரிடம் மைப்பையை உடைக்காமல் தரச் சொல்லுங்கள், வழக்கமாக வீசிவிடுவார்கள். 500 கிராம் கணவாய்க்கு இரண்டு பை போதும். சின்ன வெங்காயம் ஐந்தாறும் உள்ளியும் வதக்கி, விரல் அகலக் கீலமாக வெட்டிய கணவாயையும் தக்காளிப் பேஸ்ற் ஒரு மேசைக்கரண்டியும் போட்டு, அரைக் கோப்பை தண்ணீர் விட்டு மூடி 35–40 நிமிடம். கணவாய்க்கு இரண்டு பதம்தான் உண்டு: இரண்டு நிமிடம், அல்லது அரைமணிக்கு மேல். இடையில் எடுத்தால் றப்பர். மையைத் தண்ணீரில் கரைத்து வடித்து, கடைசிப் பத்து நிமிடத்தில் ஊற்றுங்கள். மையே உப்பு, ஆகவே அதன்பிறகு சுவைத்துப் பார்த்து உப்பிடுங்கள். இத்தாலியர் வெள்ளை வைன் விடுகிற இடத்தில், இறக்கியபின் தேசிக்காய்ப் புளி ஒரு தேக்கரண்டி. பனங்கள்ளு விடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. இனிப்பும் நொதித்த மணமும் மிஞ்சும், வேண்டாம்.

சூடை. சிசிலியின் பலெர்மோ நகரத்து மத்திப் பாஸ்தாவுக்கு எங்கள் சூடை மிகப் பொருத்தம். அங்கே காட்டுப் பெருஞ்சீரகத்தின் தழை; இங்கே பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டியை நசித்துச் சீலையில் கட்டிப் பாஸ்தா அவிக்கிற தண்ணீரில் போடலாம். 400 கிராம் சூடையை முள்ளெடுத்து, வதங்கிய வெங்காயத்தில் போட்டு உடைய விடுங்கள். முந்திரிகை வத்தல் 2 மேசைக்கரண்டி, பைன் பருப்புக்கு மரமுந்திரி 2 மேசைக்கரண்டி, குங்குமப்பூ நாலைந்து இழை. மஞ்சள் போட்டால் நிறம் வரும், சுவை மாறிவிடும். அங்கே உப்பிட்ட நெத்தலி எண்ணெயில் கரையும். எங்கள் நெத்தலிக் கருவாடு காய்ந்தது, கரையாது. தலையைக் கிள்ளி, கழுவி, வறுத்து, இடித்துத் தூளாக்கி அரைத் தேக்கரண்டி போடுங்கள். மாசிக்கருவாட்டை எடுக்காதீர்கள், புகை மணம் எல்லாவற்றையும் மூடும். மேலே பாண் தூள்.

சைவ வீட்டுக்குச் சிசிலியின் கத்தானியா நகரத்துக் கத்தரிக்காய்ப் பாஸ்தா, நோர்மா. கத்தரிக்காய் 500 கிராமை ஒரு சதமமீற்றர் தடிப்பில் வெட்டி, உப்புப் பிரட்டி அரைமணி வைத்து, ஒற்றி, நல்ல சூடான எண்ணெயில் பொரியுங்கள். எண்ணெய் சூடு காணாவிட்டால் கத்தரி பஞ்சாகக் குடிக்கும், அதைப் பிறகு திருத்த முடியாது. நீண்ட இளம் ஊதாக்காய் நல்லது, முற்றினால் விதை கசக்கும். மேற்சொன்ன தக்காளிச் சோஸ், திருநீற்றுப்பச்சை ஒரு கைப்பிடி. மேலே உப்பு ரிக்கொத்தா என்கிற சீஸைத் துருவ வேண்டும். அது இங்கே கிடைக்காது. ஒரு லீற்றர் பசும்பாலைக் கொதி வருமுன் இறக்கி, தேசிக்காய்ப் புளி 2 மேசைக்கரண்டி விட்டுத் திரைய வைத்து, சீலையில் வடித்து, உப்புத் தடவிப் பாரமேற்றி இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்தால் துருவுகிற பதம் வரும். இத்தாலியில் அதைச் சீஸ் செய்தபின் மிஞ்சுகிற பால்தண்ணீரைக் காய்ச்சி எடுப்பார்கள், இது முழுப்பாலில் வருவது, ஆனாலும் கத்தரியோடு குறை தெரியாது. நீண்டநாள் வைக்கிற பைக்கற் பால் சரியாகத் திரையாது.

இறைச்சி வேண்டுமென்றால் ஆட்டிறைச்சி. அப்ருற்சோ மலைப்பகுதியில் செம்மறி இறைச்சியைத் தக்காளியில் வேகவிட்டு, கம்பிச் சட்டத்தில் வெட்டிய, ஸ்பகெற்றிபோல நீண்டு முனை சதுரமான பாஸ்தாவோடு சாப்பிடுவார்கள். எலும்போடு அரைக்கிலோ, வெங்காயம் ஒன்று, கரட் ஒன்று, தக்காளி ரின் இரண்டு, மெல்லிய நெருப்பில் இரண்டரை மணி. மிளகாய்த்தூள் வேண்டாம், செத்தல் பாதி போதும். பிரியாணிக்குப் போடுகிற இலை கறுவா இனம், இத்தாலியர் இறைச்சிக்குப் போடுகிற லோரல் இலைக்கு மாற்றல்ல. இலையே போடாமல் விடலாம்.

கூழ்ப்பதமாகக் கிளறுகிற இத்தாலிய அரிசி உணவான ரிசொட்டோவுக்கு எங்கள் புழுங்கல் அரிசியை எடுக்காதீர்கள். புழுக்கும்போதே மாப்பொருள் இறுகிவிடுகிறது, எவ்வளவு கிளறினாலும் கூழ்ப்பதம் வராது. ஆர்போரியோ கிடைத்தாலும் அதன் பின்னால் வெண்ணெய், சீஸ், வைன் என்று செலவு ஓடும். கடைசியாக அளவு: இத்தாலியில் பாஸ்தா முதல் தட்டு, பின்னால் மீனோ இறைச்சியோ வரும், அதனால் ஆளுக்கு 80 முதல் 100 கிராம். சோறுபோல அதை மட்டும் சாப்பிடுகிற வீட்டில் 500 கிராம் பைக்கற் நாலு பேருக்குச் சரி. மிஞ்சினால் அடுத்தநாள் நாலு முட்டையை அடித்து ஊற்றி, தாச்சியில் இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சுட்டெடுங்கள். நேப்பிள்ஸில் அதைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள்.